ஐந்து மணிக்குள் ஒரு முகவரி

"ஏனுங்க, மறுக்காவும் அதேதானுங்க. இணைக்க முடியலைன்னு சொல்லுது."

சித்ரா டீச்சர் இதை ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். சூரியநெல்லித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையில் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. ஜன்னலின் மூன்றாவது கம்பிக்கும் நான்காவது கம்பிக்கும் நடுவில் போனைச் செருகி, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டால் பேச்சு கேட்கும். இன்டர்நெட்டும் வேண்டுமென்று அந்தப் போனிடம் ஆசைப்படக் கூடாது.

"பதறாத புள்ள. நான் இருக்கறேன்ல?" என்றது ஜன்னல்.

ஜன்னலில் பேசியது அவள் வீட்டுக்காரன் நவீன்குமார். மலைக்குக் கீழே, பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில், தன் அம்மாவின் தென்னந்தோப்பில் நின்றுகொண்டிருந்தான். கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே நெட்வொர்க் பார்க்கிற உத்தியோகம். எந்தக் கம்ப்யூட்டர் எந்தக் கம்ப்யூட்டரோடு பேசாமல் முறைத்துக்கொண்டு நின்றாலும் நடுவில் புகுந்து சமாதானம் பண்ணுகிறவன். அப்பேர்ப்பட்டவன் புருஷனாக வாய்த்திருக்கும்போது நமக்கென்ன பயம் என்று சித்ரா காலை பத்து மணிக்குத் தெம்பாகத்தான் உட்கார்ந்தாள். இப்போது மணி பதினொன்றரை.

மாலை ஐந்தோடு ஆசிரியர் இடமாறுதலுக்கு விண்ணப்பிக்கும் கெடு முடிகிறது. விட்டால் அடுத்த வருஷம்தான்.

அவள் இந்த மலைக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வீட்டுக்குப் போனால் பாதி நாள் போய்விடும். மகளைத் தூக்கி இடுப்பில் வைப்பதற்குள் திரும்பி வருகிற நேரம் வந்துவிடும். தமிழ்ப்ரியாவுக்கு நாலு வயது. போன வாரம் போனில், "அம்மா, நீ போட்டோவுல இருக்கறயா, பஸ்ஸுல இருக்கறயா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து சித்ராவுக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது ஊர்ப்பக்கம் போய்விட வேண்டும். புருஷன், பிள்ளை, தான் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் தூங்க வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

பத்து நாளாகவே விண்ணப்பிக்க வேண்டிய அந்த இணையதளம் திறக்கவில்லை. "கேரளா முச்சூடும் டீச்சருங்க ஒரே நேரத்துல ஏறுவாங்க. கடைசி நாள்ல கூட்டம் கொறையும், அப்பப் போட்டுக்கலாம்" என்று நவீன்தான் சொல்லியிருந்தான். உலகத்தில் கடைசி நாளில் கூட்டம் குறைந்த இடம் எது என்று அவள் கேட்கவில்லை. "நீங்களே அங்கிருந்து போட்டுருங்களேன்" என்று ஒருமுறை கேட்டாள். "வேலை பாக்கற எடத்து லைன்லருந்து போட்டாத்தான் செல்லும், வேற ஊர்ல இருந்து வந்தாச் சந்தேகப்பட்டுத் தள்ளிருவாங்க" என்றான். நெட்வொர்க் தெரிந்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கடைசி நாள் பார்த்து ஹர்த்தால் வந்து சேர்ந்தது. யார் எதற்காக அறிவித்தார்கள் என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கடை மூடிவிட்டது, பஸ் இல்லை, ஜீப் இல்லை, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தருகிற சின்னக்கானல் அக்ஷயா மையமும் பூட்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கிடையாது. எச்.எம். அடிமாலியிலிருந்து வர முடியவில்லை; புது மடிக்கணினிகள் அவர் அலமாரிக்குள் பத்திரமாக இருந்தன. மிச்சமிருந்தது லினக்ஸ் போட்ட இந்த ஒரே பழைய பெட்டி. பள்ளிக்குப் பின்னாலேயே குடியிருந்ததால் சித்ராவும், கஞ்சிப்புரையில் சமைக்கிற மூக்கம்மாளும் மட்டும் வந்திருந்தார்கள்.

"செரி, பொட்டியில கட்டளை அடிக்கற கறுப்பு ஜன்னலைத் தொற," என்றான் நவீன். "என்எஸ்லுக்கப்னு அடிச்சு, பக்கத்துல அந்தத் தளத்துப் பேரப் போடு. பேருக்குண்டான நம்பரு கெடைக்குதான்னு பாக்கலாம்."

அடித்தாள். "அப்படியொரு கட்டளையே இல்லைங்குதுங்க."

"அட, அந்தக் கருவியவே ஏத்தலயா? அப்ப மொதல்ல அத ஏத்தோணும்."

ஏற்ற ஆரம்பித்தார்கள். தோட்டத்து லைன் வேகத்துக்கு அந்தச் சின்னக் கருவி மலையேறி வர ஒரு மணி நேரம் பிடித்தது. சித்ரா நகத்தைக் கடித்தபடி சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்கம்மாள் தலையில் துண்டு, கையில் விளக்குமாறு, முகமெல்லாம் ஒட்டடையாக வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன டீச்சர், காலையில பிடிச்சுப் பெட்டி முன்னாடியே இருக்கீக?"

"ஒரு அப்ளிகேஷன்க்கா."

என்ன அப்ளிகேஷன் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் அழுத்தக்காரி. போகப் போகிறேன் என்று சொன்னால் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாது. ஆனால் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அவள் வாயில் எதுவும் தங்காது. அந்த ஆள் அவள் மாமியார் சரஸ்வதியம்மாள். இரவு எட்டு மணிக்கு அத்தை போன் பண்ணி "அப்பறம் கண்ணு?" என்றால் போதும், அன்றைக்கு வாங்கிய கருவேப்பிலை வரை கொட்டிவிடுவாள்.

"அக்கா நீங்க என்ன இந்தக் கோலம்?"

"எதுத்தாப்புல அந்தக் கிளார்க்கய்யா வீடு காலியாத்தான கெடந்துச்சு? கீழ இருந்து ஒரு குடும்பம் குடி வருது. சுண்ணாம்பு அடிச்சாச்சு, தொடைச்சுக்கிட்டு இருக்கேன். ஆளு வர்றதுக்கு முந்தியே நேத்து இன்டர்நெட் லைன் இழுத்துட்டான்னாப் பாத்துக்கங்களேன்!"

"சின்னப் பிள்ளை உண்டா?"

"ஒரு பொம்பளப் பிள்ள. அங்கன்வாடியில சேக்கணும்னு கேட்டாக."

கொடுத்துவைத்தவள் யாரோ, குடும்பத்தோடு மலையேறி வருகிறாள். நாமும் இருக்கிறோமே என்று நினைத்துச் சித்ரா திரும்பியபோது கருவி வந்து சேர்ந்திருந்தது.

என்எஸ்லுக்கப் நொடியில் பதில் சொன்னது. பேர் இருக்கிறது, அதற்கு நம்பரும் இருக்கிறது.

"நம்பரு வந்துருச்சுங்க!" என்று கத்தினாள். உடனே தளத்தைத் திறந்தாள். இணைக்க முடியவில்லை.

"டிக்னு ஒண்ணு இருக்குது, அதையும் போட்டுப் பாரு," என்றான் நவீன். டிக் இன்னும் நீளமாக, பத்து வரியில், அதே நம்பரைச் சொன்னது. தளம் திறக்கவில்லை.

"இதென்னங்க கூத்து? கேட்டா வழி சொல்றாங்க, போனாக் கதவத் தொறக்க மாட்டீங்கறாங்க."

"அப்ப நடுவுல வழி சொல்ற சர்வருதான் கோளாறு. அத மாத்திரலாம். ரிசால்வ் புள்ளி கான்ஃப்னு ஒரு ஃபைலு..."

அதற்குள் ஜன்னலுக்குள்ளிருந்து வேறொரு குரல் கேட்டது. "நவீனு! மோட்டாரு போட்டயா இல்லியா?"

"போட்டுட்டேம்மா!" என்றான் முப்பத்தெட்டு வயசு நெட்வொர்க் நிபுணன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் மோட்டார் ரூமுக்குள்ள போயிக்கறேன் புள்ள" என்றான்.

மோட்டார் ரூமிலிருந்து அவன் ஒரு நம்பரைச் சொன்னான். பழைய நம்பரை அழித்துவிட்டு அதைப் போடச் சொன்னான். அவள் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, போட்டு, சேமித்தாள். உடனே பலன் தெரிந்தது. இதுவரை அந்த ஒரு தளம்தான் திறக்கவில்லை. இப்போது எந்தத் தளமும் திறக்கவில்லை.

"என்எஸ்லுக்கப் என்ன சொல்லுது?"

"எந்த சர்வரும் கெடைக்கலையாமுங்க."

"ம்," என்றான். கவலைப்பட்டவன் குரலாக அது இல்லை. ஆனால் மணி ஒன்றே முக்கால் ஆகும்போது யார் குரலை ஆராய்ந்துகொண்டிருப்பார்கள்?

அப்போது சரஸ்வதியம்மாள் தனியாகக் கூப்பிட்டாள். மகனைக் காத்திருக்க வைத்துவிட்டு சித்ரா அத்தையை எடுத்தாள்.

"அம்முணி, அப்ளிகேசனத் தாட்டி விட்டுட்டயா?"

"இல்லைங்க அத்தை. பொட்டி மக்கர் பண்ணுதுங்க."

"மாரியாத்தாளுக்கு வேண்டிட்டிருக்கறேன், ஒண்ணும் ஆகாது. நீ வந்தயின்னா மேக்கால ரூமு உனக்கு. கொழந்தைய நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா பள்ளிக்கோடம் போ. நவீனு அந்தக் கம்பியூட்டரு வேலைய உட்டுட்டுத் தோப்பப் பாக்கட்டும். எல்லாம் நான் முடிவு பண்ணிட்டேன். அவங்கிட்டவும் சொல்லிட்டேன்."

"அவரு என்னங்க சொன்னாரு?"

"அவன் என்ன சொல்றது?" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு அத்தை வைத்துவிட்டாள்.

நவீன் அடுத்த வைத்தியத்தோடு தயாராக இருந்தான். "ரவுட்டருக்குப் பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதுக்குள்ள குண்டூசி விட்டுப் பத்து எண்ணற வரைக்கும் அமுத்து."

குண்டூசி இல்லை. மூக்கம்மாள் தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். சித்ரா பத்து வரை எண்ணினாள். ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து, ஒன்று மட்டும் சிவப்பாக எரிந்தது. அது தன் பெயர், கடவுச்சொல், பிறந்த ஊர் எல்லாவற்றையும் மறந்துபோயிருந்தது.

"அந்த யூசர்நேமு, பாஸ்வேர்டு எழுதுன சீட்டு எங்க?" என்றான் நவீன்.

"எச்.எம். அலமாரியில இருக்குமுங்க. சாவி அடிமாலியில."

"அடடா," என்றான். "செரி புள்ள, நம்மளால ஆனதப் பாத்துட்டோம். என்ன பண்றது? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

சித்ராவுக்கு அழுகை வந்துவிட்டது. வாயில் முந்தானையை வைத்து அமுக்கிக்கொண்டாள். "அடுத்த வருசம்னு எப்பிடீங்க அவ்வளவு லேசாச் சொல்றீங்க? பிள்ளைக்கு அஞ்சு வயசு ஆயிருமுங்க. நான் அவளுக்குப் போட்டோவுல இருக்கறவளாவே போயிருவனுங்க."

"அழுவாத சித்ரா. எல்லாம் நல்லதுக்குத்தான் நடக்குது. என்ன நம்பு" என்றது ஜன்னல். அந்த நேரத்தில் அதைவிட எரிச்சலான ஆறுதல் இருக்க முடியாது.

"எந்தச் சீட்டு டீச்சர்?" என்றாள் மூக்கம்மாள். "இங்கிலீசுல எழுதி, மேல போன் நம்பரு போட்டு, மஞ்சளா ஒண்ணு இருந்துச்சே? அந்த நம்பருக்குப் போன் போட்டா லைன் சரி பண்ண வருவாகன்னு நான்தான் கஞ்சிப்புரைக் காலண்டருல ஒட்டி வச்சேன்."

இரண்டு பேரும் ஓடினார்கள். ஜனவரி மாதத்தின் மேல், சாம்பார் தெறித்து, கடவுச்சொல்லின் நடு எழுத்து கடுகுக்கு அடியில் இருந்தது. மூக்கம்மாள் நகத்தால் சுரண்டினாள். எழுத்து தெரிந்தது. ரவுட்டருக்கு அதன் பெயரைச் சொல்லிக்கொடுத்து, விளக்கு பச்சையாகி, மாற்றிய நம்பரையெல்லாம் பழையபடி திருத்தி முடித்தபோது மணி மூன்றே முக்கால்.

"வந்துருச்சுங்க!"

"வந்துருச்சா?" என்றான் நவீன்.

"என்னங்க சலிச்சுக்கறீங்க?"

"இல்ல புள்ள, சந்தோசம். தளம் தொறக்குதா?"

மற்ற எல்லாம் திறந்தன. அது மட்டும் திறக்கவில்லை. காலையிலிருந்து இத்தனை பாடுபட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

"அப்ப ஒரே வழிதான்," என்றான் நவீன் ரொம்ப நிதானமாக. "பொட்டிய முழுசா அழிச்சுட்டு லினக்ஸ மறுக்கா ஏத்திரலாம். ஒரு ரெண்டு மணி நேரம் ஆகும்."

"இன்னும் ஒண்ணே கால் மணி நேரந்தானுங்க இருக்குது!"

"மொயற்சி பண்ணிப் பாக்கலாம்னு. நான் சொல்றத அடி..."

அந்தக் கணத்தில் போன் செத்தது. காலையிலிருந்து ஸ்பீக்கரில் கத்தி, கம்பியில் தொங்கி, அது தன் உயிரை விட்டது. அறை சட்டென்று அமைதியாகிவிட்டது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக சித்ராவுக்குத் தானே யோசிக்க வேண்டிய நிலைமை.

கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தாள். பிறகு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தான் நடத்தும் முதல் பாடம் ஞாபகம் வந்தது. எதிராளி இருக்கிறானா என்று பார்க்க முதலில் பிங் பண்ணு. இத்தனை பெரிய ஆயுதங்களுக்கு நடுவில் அந்தச் சின்னக் கட்டளையை யாரும் நினைக்கவே இல்லை.

பிங் என்று அடித்துத் தளத்தின் பேரைப் போட்டாள். பதில் உடனே வந்தது. உடனே என்றால், கை எடுப்பதற்குள். திருவனந்தபுரத்திலிருந்து அவ்வளவு வேகமாகப் பதில் வராது, எதிர்வீட்டிலிருந்துகூட வராது. நம்பரைப் பார்த்தாள். நூற்றிருபத்தேழு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று. எந்தக் கம்ப்யூட்டரும் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்கிற நம்பர் அது.

சித்ராவுக்கு இப்போது விளங்கியது. என்எஸ்லுக்கப்பும் டிக்கும் நேராக வெளியே போய் ஊர்க்காரனிடம் வழி கேட்கிற ஆட்கள். பெட்டியோ அப்படியில்லை, வெளியே கிளம்புமுன் வீட்டுக்குள் எழுதி வைத்திருக்கிற ஒரு பட்டியலைப் பார்க்கும். ஹோஸ்ட்ஸ் என்று அந்தப் பட்டியலுக்குப் பேர். அதில் இருந்தால் அதுதான் வேதம். தொடுபுழாப் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். டீக்கு முந்தின வகுப்பு, பாதிதான் கவனித்தாள்.

பட்டியலைத் திறந்தாள். கடைசி வரியில் இடமாறுதல் தளத்தின் பேரும், பக்கத்தில் இந்தப் பெட்டியின் நம்பரும் இருந்தன. யாரோ வேண்டுமென்றே எழுதியிருக்கிறார்கள். அந்தத் தளத்துக்குப் போகிறவரையெல்லாம் சுற்றிவிட்டு இதே அறைக்குள் கொண்டுவந்து விடும் வரி.

அழித்தாள். தளம் திறந்தது. நாலு இருபது.

விண்ணப்பத்தில் நாற்பத்திரண்டு கட்டங்கள். மளமளவென்று நிரப்பினாள். இடம் என்ற கட்டத்தில் பெருமாட்டிக்குப் பக்கத்துப் பள்ளிகள் ஐந்தின் பேரைப் போட்டாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள். 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இனி மாற்றவோ திரும்பப் பெறவோ இயலாது' என்று வந்தது. அந்த வாசகத்தை மூன்று தடவை படித்தாள். இவ்வளவு இனிமையான வாசகத்தை அரசாங்கம் எழுதி அவள் பார்த்ததில்லை.

மூக்கம்மாளின் பட்டன் போனை வாங்கி ஜன்னல் கம்பியில் செருகினாள். நவீன் எடுக்கவில்லை. அத்தை எடுத்தாள்.

"அத்தை, போட்டுட்டனுங்க! முடிஞ்சுதுங்க!"

"எஞ் சாமி!" என்று சரஸ்வதியம்மாள் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. "நவீனு! டேய்! அம்முணி போட்டுட்டாளாம்!" பிறகு அங்கே ஏதோ விழுந்த சத்தம். "மோட்டாரு ரூமுக்குள்ள தலையில கைய வெச்சு உக்காந்துட்டான் கண்ணு. சந்தோசத்துல பேச்சே வரல அவனுக்கு."

சித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள். சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் கோபம் எழுந்தது.

"திங்கக்கெழம வரட்டும் அந்த அஜய். பத்தாங் கிளாஸ்ல கம்ப்யூட்டரு அவனுக்குத்தான் நல்லா வரும். அவந்தான் அந்த வரிய எழுதியிருக்கணும்."

சொல்லும்போதே ஒரு சந்தேகம் இடித்தது. அந்தப் பட்டியலைத் திருத்தக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் தமிழ்ப்ரியா பிறந்த தேதி. அது அஜய்க்கு எப்படித் தெரியும்?

"அவன் புத்தகத்தத் தொடுறதே பெரிய காரியம், இதையெல்லாம் எங்க தொடப்போறான்?" என்றாள் மூக்கம்மாள். "பொங்கலுக்கு வந்திருந்தப்ப உங்க வீட்டுக்காரரு உக்காந்து சரி பண்ணுனாகல்ல, அப்பறம் பெட்டிய ஒருத்தரும் நோண்டல டீச்சர். அது கெடக்கட்டும், என்ன அப்ளிகேஷன் அது? இம்புட்டு அழுகையும் சிரிப்புமா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது?

"டிரான்ஸ்பர்க்கா. ஊருக்கே போயிடறேன். பெருமாட்டியில எங்க அத்தை வீட்டுலயே எல்லாரும் ஒண்ணா இருக்கப் போறோம். அனுப்பியாச்சு, இனி மாத்தவே முடியாது."

மூக்கம்மாளின் கையிலிருந்த விளக்குமாறு நழுவிக் கீழே விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே, சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று நின்ற எதிர்வீட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அடி ஆத்தீ! 'டிரான்ஸ்பர் கெடைக்கலைன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டு ஞாயித்துக்கெழம பிள்ளையத் தூக்கிட்டு இங்கயே வந்துர்றேன், அதுவரைக்கும் டீச்சருக்கு மட்டும் தெரிய வேணாம், தெரிஞ்சா அம்மா காதுக்குப் போயிரும்'னு சொல்லி அந்த எதுத்த வீட்டுச் சாவிய எங்கையில குடுத்துட்டுப் போனதே உங்க வீட்டுக்காரருதான டீச்சர்!"